தலையும் தோளும்

'ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் அபவ்' என்ற ஆங்கிலத் தொடரை இன்று சொன்னால், கேட்கிறவருக்கு முதலில் ஞாபகம் வருவது பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பூப் பொட்டலம்தான். தலையிலிருந்து தோளில் உதிரும் பொடுகையும், கூட்டத்தில் தலையும் தோளும் மேலே தெரிய நிற்பவனின் பெருமையையும் ஒரே பெயருக்குள் அடைத்த விளம்பரக்காரன் கெட்டிக்காரன். சிலேடைக்கு இன்று காசு கிடைப்பது அங்கேதான்.

எனக்கு அந்தத் தொடரோடு வேறு வழக்கு. அது இலக்கிய விமர்சனத்தில் என்ன வேலை செய்கிறது, தமிழில் அதே வேலையைச் செய்யவைக்க முடியுமா என்பது கொஞ்ச காலமாக ஒரு தொந்தரவாக இருந்துவருகிறது. 'தன் சமகாலத்தவர் எல்லோரையும்விட' என்று தொடங்கும் வாக்கியங்கள் நம் பத்திரிகைகளில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் யோசிக்கப்பட்டு, தமிழில் எழுதப்பட்டவை. எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆங்கிலத்தில் அதன் அர்த்தம் திட்டவட்டமானது. ஒருவன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மேல் என்பதற்கு அது பயன்படாது. வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் மற்றவர்கள் தலைக்கு மேலே மார்பு தெரிய நின்றால் அவனைக் கண்டுபிடிக்க யாரும் அளவுகோல் கொண்டுவர மாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. இரண்டு பேர் கிட்டத்தட்டச் சமம், ஒருவர் ஒரு நூலிழை மேல் என்கிற இடத்தில் இதைப் போடுகிறவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று அர்த்தம். இன்னொரு விஷயம்: மேலே நிற்பவன் ஒரு கூட்டத்துக்கு மேலே நிற்கிறான். யாருக்கு மேலே என்று சொல்லாமல் இந்தத் தொடர் முடியாது.

இதன் வேர் விவிலியத்தில் இருக்கிறது. சாமுவேலின் முதல் புத்தகத்தில், இஸ்ரவேலின் முதல் ராஜாவாகப் போகிற சவுல் அறிமுகமாகும்போது அவனுடைய குணமோ அறிவோ சொல்லப்படுவதில்லை; அழகும் உயரமும்தான் சொல்லப்படுகின்றன. தோளுக்கு மேற்பட்ட அளவில் அவன் எல்லா ஜனங்களையும்விட உயர்ந்தவன். அடுத்த அத்தியாயத்தில் அவனை ராஜாவாகக் காட்டும்போது மறுபடியும் அதே உயரம். 1611-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு தோளை அப்படியே வைத்திருக்கிறது. பின்னால் வந்த பேச்சுவழக்கு தலையையும் சேர்த்துக்கொண்டது.

தமிழுக்கு இந்த வாக்கியம் வந்த கதையும் சுவாரசியமானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்து முடித்து 1719-இல் இறந்துபோனார். ரூத்துக்கு அடுத்தது சாமுவேல். ஆகவே சவுலின் உயரத்தைத் தமிழில் அளக்கிற பொறுப்பு அவருக்குப் பின் வந்த ஷூல்ட்சேயின் தலையில் விழுந்தது. பிறகு ஃபப்ரீஷியஸ் என்ற ஜெர்மானியர், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் வேப்பேரியில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப மொழிபெயர்த்தார். இன்று நம் தேவாலயங்களில் வாசிக்கிற தமிழில் அந்த இடத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். ஆங்கிலம் சவுலை மேலே தூக்குகிறது. தமிழ் அவனைத் தூக்கவில்லை. ஜனங்களையெல்லாம் அவன் தோளுக்குக் கீழே நிறுத்திவிடுகிறது. அளவு ஒன்றுதான். பார்வை நேர் எதிர்.

இதைக் கவனித்த பிறகு, மேன்மையைச் சொல்ல நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சொல்வழக்குகளை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவன் கால் தூசி பெறமாட்டான் இவன். அவனுக்கு இவன் உறைபோடக் காணமாட்டான். ஏணி வைத்தாலும் எட்டாது. பக்கத்தில் நிற்க முடியாது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். இவற்றில் உயர்ந்தவனைப் பற்றி எதுவுமே சொல்லப்படவில்லை. தாழ்ந்தவன் என்ன ஆனான் என்பதுதான் விஸ்தாரமாக இருக்கிறது: தூசியானான், மடுவானான், உறைமோருக்கும் உதவாதவன் ஆனான், கடைசியில் சாப்பாடாகவும் ஆகிவிட்டான். ஆங்கிலேயனிடமும் இந்தக் குணம் இல்லாமல் இல்லை. இன்னாருக்கு மெழுகுவத்தி பிடிக்கக்கூட இவன் லாயக்கில்லை என்பான். அதை யாராவது அவசரக்காரர் 'விளக்குப் பிடிக்கக்கூட லாயக்கில்லை' என்று தமிழாக்கினால் தெருவில் கைகலப்பு நடக்கும்.

இந்த வழக்குகளில் நான் தேடிக் கிடைக்காதது தரை. தலையும் தோளும் உயர்ந்து நிற்பவனின் பாதம் மற்றவர்களின் பாதம் இருக்கிற அதே தரையில் இருக்கிறது. இருந்தால்தான் உயரம் உயரமாகும். நாற்காலிமேல் ஏறி நின்றவனை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். மலையும் மடுவும் ஒரே தரையில் இல்லை. ஏணி எட்டாத இடத்தில் இருப்பவன் தரையிலேயே இல்லை. மகாகவி, சிகரம், சகாப்தம், தலைசிறந்த என்று நாம் எழுதும்போது ஆளை அந்தரத்தில் நிறுத்திவிடுகிறோம். அங்கே அவனுக்குத் துணைக்கும் ஆளில்லை, ஒப்பிடவும் ஆளில்லை.

தோளை அளவாக வைத்துத் தமிழில் ஒரே ஒரு பேச்சு எனக்குத் தெரியும். தோளுக்கு மிஞ்சினால் தோழன். பிள்ளை அப்பனின் தோள் உயரத்தைத் தாண்டிவிட்டால் அவனை இனி அதட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, கலந்து பேச வேண்டும். அதே தோள், அதே கோடு. ஆங்கிலேயனுக்கு அந்தக் கோட்டைத் தாண்டினால் மேன்மை ஆரம்பிக்கிறது. நம் கிழவிகளுக்கு அங்கே சமத்துவம் ஆரம்பிக்கிறது. இதில் யார் சரி என்கிற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு என்று உட்கார்ந்தபோது இந்தப் பழமொழி என் கையைப் பிடித்துக்கொண்டது உண்மை.

மொழிபெயர்க்க வேண்டி வந்த வாக்கியம் ஒரு பின்னட்டைக்கானது. சென்ற ஆண்டு இறந்துபோன நண்பர் ஒருவருடைய கவிதைகளை அவருடைய மகன் புத்தகமாகக் கொண்டுவந்தான். நண்பர் சிந்தாதிரிப்பேட்டையில், அய்யா முதலி தெருவுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு டிரெடில் அச்சகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அச்சுக்கோத்தவர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், நடுவே எங்களைப் போன்றவர்களின் முந்நூறு பிரதிப் பத்திரிகை. நான் புரூஃப் பார்க்கப் போய்ப் பழக்கம். என் கட்டுரையில் ஒரு வாக்கியம் நீளமாக இருந்தால், அச்சகத்தில் 'க' தீர்ந்துபோய்விட்டது சார் என்பார். தீர்ந்திருக்காது. கடைசிவரைக்கும் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். நானும் அவரை நீங்கள் வாங்கள் என்றுதான் பேசினேன். ஆஃப்செட் வந்து, பிறகு கம்ப்யூட்டர் வந்து, ஈயம் எடைக்குப் போனது. அதன் பிறகு அவர் கவிதை எழுதவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். கைக்கு வேலை இல்லாவிட்டால் மண்டைக்கும் இல்லை என்றார்.

அவருடைய இரண்டு கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஒரு தொகுப்பில் சேர்த்து, அதற்குக் குறிப்பு எழுதிய பேராசிரியர் ஒருவர், இவர் தம் சமகாலத்தவர்களைவிடத் தலையும் தோளும் உயர்ந்தவர் என்று எழுதியிருந்தார். எந்தச் சமகாலத்தவர், எந்தக் கவிதை என்று கிடையாது. நான்கு வரிக் குறிப்பில் அதற்கு இடமும் கிடையாது. மகன் அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். அதைத் தமிழில் ஆக்கிப் பின்னட்டையில் போட வேண்டும், நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று கேட்டான். புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். கவிதை வாசிக்கிற பழக்கம் இல்லை. அப்பாவை ஒருவர் உயர்ந்தவர் என்று அச்சில் சொல்லியிருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

முடியாது என்று சொல்வது சுலபமில்லை. இந்தச் சிறு வட்டத்தில் ஒருவன் இறந்தால் மற்றவர்கள் இரங்கல் கட்டுரையில் அவனை இமயத்தில் ஏற்றிவைப்பதும், அடுத்த இதழில் இறக்கிவிடுவதும் வழக்கம். நானும் ஏற்றினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த நண்பர் கேட்டிருப்பார்.

அச்சுக்கோப்பவர்களுக்கு இந்தத் தொடரின் அத்தனை உறுப்புகளும் கையில் இருந்தன என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஈய எழுத்துக்கு முகம் உண்டு. மை படுகிற இடம் அது. முகத்துக்குக் கீழே, மை படாத தட்டையான இடத்துக்குத் தோள் என்று பெயர். அடியில் பாதம். பாதத்திலிருந்து முகம்வரை எல்லா எழுத்துக்கும் ஒரே உயரம், 0.918 அங்குலம். ஆறு பாயிண்ட் பொடி எழுத்தானாலும் முப்பத்தாறு பாயிண்ட் தலைப்பெழுத்தானாலும் அந்த உயரம் மாறக் கூடாது. பக்கத்தைச் சேஸில் பூட்டுவதற்கு முன் எழுத்துகளின்மேல் ஒரு சமக்கட்டையை வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள், தூக்கிக்கொண்டு நிற்பது எதுவும் இறங்கி உட்காருவதற்காக. அடியில் ஒரு தூசு சிக்கியிருந்தால்கூட அந்த எழுத்து உயர்ந்து நிற்கும். "ஒண்ணு மட்டும் ஒசந்து நின்னா அது பேப்பரக் குத்திடும் சார், பக்கத்துல இருக்கறது சரியா விழாது" என்று அவர் ஒருமுறை சொன்னார். அன்றைக்குத் தட்டிக்கொண்டிருந்தது என் கட்டுரையைத்தான்.

இதை வைத்து அவரை ஒரு சமத்துவ ஞானியாக்கிவிடலாம். ஆக்கினால் பொய். ஈயத்தைச் சமப்படுத்திய அதே மனிதர் கவிதை விஷயத்தில் ஈவிரக்கம் இல்லாதவர். தாமே கோத்துக்கொண்டிருக்கும் கவிதையைக் காட்டி, "இது கவித இல்ல சார், பில்லு" என்பார். இன்னொன்றைக் காட்டி ஒன்றும் சொல்லமாட்டார். அந்தக் காலியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுவார். உயர்வு தாழ்வு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எனக்கும் இல்லை. எல்லாமே அதனதன் அளவில் நல்லது என்கிற சாத்வீகம் விமர்சனத்தைக் கொன்று போட்டுவிடும்.

அளக்கிற விஷயத்தில் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு பரம்பரையே உண்டு. 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கூவம் வளைந்து போகிற இடத்தில் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்துக் கம்பெனி இந்தப் பேட்டையை அமைத்தது, நெய்கிறவர்களையும் நூற்கிறவர்களையும் வெளுக்கிறவர்களையும் துணியில் சித்திரம் எழுதுகிறவர்களையும் குடியேற்ற. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். அந்த வியாபாரத்தில் துணியின் மேன்மை ஒரு எண். அகலத்தில் எத்தனை புஞ்சம் இழை ஓடுகிறது? ஒரு புஞ்சம் 120 இழை. பதினாலு புஞ்சத் துணியில் 1,680 இழை. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணுவதோடும் நிற்காது, ஒப்புக்கொண்ட மாதிரித் துணியைப் பக்கத்தில் விரித்து, வந்த துணியை அதோடு ஒட்டவைத்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பார்கள். கம்பெனியின் நியாயம் நெசவாளியை எப்படி உறிஞ்சியது என்பது தனிக் கதை. ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு துணியும் ஒரே மேஜைமேல் கிடக்க வேண்டும் என்கிற ஒழுக்கம் அவர்களுக்கு இருந்தது. மாதிரித் துணியைக் காட்டாமல் உன் துணி மட்டம் என்று சொன்னால் தறிக்காரன் கேட்டுக்கொண்டு போயிருக்கமாட்டான்.

கவிதையில் இழை எண்ண முடியாதுதான். மேஜைமேல் விரிக்க முடியாது என்று யார் சொன்னது? சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' ஆரம்பித்துப் பதினோரு வருஷம் வலியுறுத்திக்கொண்டிருந்த அலசல் விமர்சனம் அதுதான். அந்தச் சொல்லே துணிக்காரர்களின் சொல். அவருடைய அலசலில் சில சமயம் துணியைவிடத் தண்ணீர் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் துணி கண் முன்னால் இருந்தது. க.நா.சு. வேறு வழியில் போனார். பட்டியல் போட்டார். இன்ன பத்துப் பேர், இன்ன பத்து நாவல், அவ்வளவுதான், காரணம் கேட்காதே, படித்துப் பார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் பலர். பட்டியலில் ஒரு நன்மை உண்டு, அது ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது, ஒரே தரையில். அவர் விட்டது, எதில் என்கிற கேள்வியை.

'எதில்' என்பதை நம் இலக்கணக்காரர்கள் விட்டதில்லை. ஆங்கிலத்தில் உயரம் என்ற சொல்லுக்கு வால் ஒட்டினால் அதைவிட உயரம், இன்னொரு வால் ஒட்டினால் எல்லாவற்றையும்விட உயரம். தமிழில் பெயரடைக்கு வால் முளைப்பதில்லை. ஒப்பிடுவதைத் தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒப்படைத்துவிட்டுச் சும்மா போகவில்லை. நிறம், வடிவம், அளவு, சுவை என்று ஆரம்பித்து எதெதில் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கலாம் என்று நீளமாக அடுக்குகிறார். சேனாவரையர் இன்னும் நுட்பமாகப் போய், ஒப்பிடுவதிலேயே உவமப்பொரு, உறழ்பொரு என்று இரண்டைப் பிரிக்கிறார். இதைப் போல அது என்பது முன்னது. இதைவிட அது என்பது பின்னது. உருபு இரண்டுக்கும் ஒன்றுதான். உரைகாரர்கள் காகத்தையும் களாப்பழத்தையும் வைத்துக் காட்டுகிற உதாரணத்தில், பழம் காகத்தைப் போலக் கறுப்பா, காகத்தைவிடக் கறுப்பா என்பதை வாக்கியம் சொல்லாது. எதில் என்பது மட்டும் தெரியும்: கறுப்பில். சமம் என்பதும் மேல் என்பதும் ஒரே உருபுக்குள் குடியிருக்க முடியும் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. போதாததற்கு நீங்கல் பொருளும் அதே வேற்றுமைக்கு உண்டு. ஊரிலிருந்து போவதும் ஊரைவிடப் பெரிதாவதும் ஒரே கதவு வழியாக.

இப்போது நாம் அந்த இடத்தில் 'விட' என்கிறோம். அது விடு என்ற வினையிலிருந்து வந்தது. 'காட்டிலும்' காட்டு என்பதிலிருந்து. 'பார்க்கிலும்' பார் என்பதிலிருந்து. 'அவனப் பாக்க இவன் ஒசத்தி' என்று சென்னையில் இன்றும் பேசுகிறார்கள். பார்ப்பது, காட்டுவது, விடுவது என்ற மூன்று செய்கைகளில் விமர்சனம் கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது எப்படி என்று எனக்கு ஆச்சரியம். புதுமைப்பித்தனைவிட மௌனி, மௌனியைவிடப் புதுமைப்பித்தன் என்று எத்தனை இரவுகள் பேசியிருக்கிறோம். ஒருவரை எடுத்தால் இன்னொருவரை விட வேண்டியிருந்தது. ஒருவர் நூறு கதை எழுதியவர், மற்றவர் இருபத்துநான்கு. ஒருவர் எழுதியதில் கந்தசாமிப் பிள்ளையும் கடவுளும் பிராட்வே முனையில் காப்பி சாப்பிடப் போகிறார்கள். மற்றவருடைய ஆட்களுக்குப் பசியே எடுப்பதில்லை. எந்த மேஜைமேல் இந்த இரண்டையும் விரிப்பது? புதுமைப்பித்தன் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லிவிட்டார். தம்மைவிட மேலா கீழா என்று அதில் இல்லை. மௌனியைப் பற்றி அதற்குப் பிறகு எழுதப்பட்ட பக்கங்களில் அந்த ஒரு பெயருக்கு ஈடான தகவல் உள்ளவை குறைவு. சேனாவரையர் பாஷையில் சொன்னால், உறழ வேண்டிய இடத்தில் அவர் உவமித்துவிட்டார்.

ஆங்கிலத் தொடருக்கு இன்னொரு, மறந்துபோன உபயோகமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டு வாக்கில், ஒரு விஷயத்தைத் தலையையும் தோளையும் பிடித்துப் பேச்சுக்குள் கொண்டுவந்தான் என்றால், சம்பந்தம் இல்லாததை வலுக்கட்டாயமாக இழுத்துவந்து போட்டான் என்று அர்த்தம். நாம் கழுத்தைப் பிடித்து என்று சொல்வதுபோல. பின்னட்டைகளில் நான் படிக்கிற புகழுரைகள் பலவற்றுக்கு இந்தப் பழைய அர்த்தம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சவுலின் கதையிலும் உயரம் கடைசிவரை உதவவில்லை. அவனுக்குப் பதிலாக வேறு ராஜாவைத் தேடும்போது, தாவீதின் அண்ணன் உயரமாக இருப்பதைப் பார்த்து சாமுவேல் மயங்குகிறான்; உயரத்தைப் பார்க்காதே என்று அங்கே கடவுளே சொல்ல வேண்டியிருக்கிறது. கில்போவா மலையில் சவுல் இறந்த பிறகு பெலிஸ்தியர் வெட்டி எடுத்துப்போனது அவன் தலையை.

மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அந்த வாக்கியம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒருத்தராவது அவர மேலன்னு சொல்லியிருக்காரே சார். அதையும் எடுக்கச் சொல்றீங்களா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு கவிதைகளை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மொத்தம் நாற்பத்தாறு. சரிபாதி அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதியவை, எல்லோருடைய குரலிலும்: அறை, சுவர், பல்லி, வெறுமை. நண்பரே அவற்றைக் கோத்திருந்தால் பில் என்றிருப்பார். இன்னும் பத்துப் பதினைந்து நன்றாகத் தொடங்கி, கடைசி இரண்டு வரியில் புத்திசாலித்தனத்தால் கெட்டவை. எட்டு வேறு மாதிரி. ராத்திரி மண்ணெண்ணெயில் கை கழுவியும் விரல் ரேகையில் மை போகாமல், அந்தக் கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதைப் பற்றி ஒன்று. மழை பெய்து கூவம் ஒரே ஒரு நாள் ஆறு மாதிரி ஓடுவதைப் பாலத்தில் நின்று பார்க்கும் கூட்டம் ஒன்று. எழுத்துகளைக் கலைத்து அறைகளில் போடும்போது, இறந்துபோன ஒருவரின் பெயர் தனித்தனி எழுத்தாகப் பிரிந்து போவது ஒன்று. இந்தக் கடைசிக் கவிதையில் துக்கம் என்ற சொல்லும் இல்லை, அதன் சாயலில் வேறு சொல்லும் இல்லை. இந்த எட்டை, அதே வருஷங்களில் வந்த, நாம் மனப்பாடமாகச் சொல்கிற கவிதைகளின் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிவரை. சொல் சிக்கனத்தில் எங்கும் குறையவில்லை. ஓசையில் இரண்டு இடத்தில் இளைக்கிறது. கையால் வேலை செய்கிறவனின் அனுபவம் பிரசங்கம் ஆகாமல் கவிதைக்குள் வந்திருப்பதில் பக்கத்திலிருந்த சிலவற்றை மிஞ்சவும் செய்கிறது.

பின்னட்டைக்கு நான் எழுதிக் கொடுத்தது இரண்டு வாக்கியம். இவர் சிந்தாதிரிப்பேட்டையில் அச்சுக்கோத்தவர். இந்த நாற்பத்தாறு கவிதைகளில் எட்டு, அந்தப் பத்தாண்டுகளில் தமிழில் எழுதப்பட்ட நல்ல கவிதைகளின் பக்கத்தில் நிற்கும்.

மகன் நின்றுகொண்டே படித்தான். "எட்டுதானா?" என்றான். ஆமாம் என்றேன். "எந்த எட்டு?"

பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வந்த இரண்டு வாடிக்கைக்காரர்களைக் காக்கவைத்துவிட்டுப் படித்தான். அதற்குமுன் அவற்றைப் படித்திருக்கிறானா என்று நான் கேட்கவில்லை. மை போகாத கையைப் பற்றிய கவிதையில் வெகுநேரம் நின்றான். பிறகு பக்கங்களைத் திருப்பி, நான் குறிக்காமல் விட்ட ஒன்றை எடுத்துக் காட்டினான். அவன் அம்மா குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து, அங்கே நிற்பது குடமா தானா என்று குழம்புவதைப் பற்றியது.

"இது ஏன் சார் இல்ல?"

கடைசி இரண்டு வரி என்றேன். அதுதான் நன்றாக இருக்கிறது என்றான். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் கவிதை குழாயடியிலேயே நின்றிருக்கும், இப்போது கவிஞர் நடுவில் புகுந்து பேசுகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா அப்படித்தான் சார், வீட்டிலும் நடுவில் புகுந்துதான் பேசுவார் என்றான். எட்டு என்றே அச்சாயிற்று. அந்த ஒன்றைப் பற்றிப் போன வாரம்கூட டெலிபோனில் என்னோடு சண்டை போட்டான்.